அன்புமொழியின் இடது கண்

ஆவூர்,
17.06.2024

அன்புத் தம்பி ஜெரோமுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே அம்மா சுகம். கடுதாசியைப் பார்த்ததும் பயந்துவிடாதே. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். அதனால் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு எழுதுகிறேன்.

நம் அன்புமொழிக்குக் கண்ணில் ஏதோ இருக்கிறது. அவள் இரண்டாவது பிறந்தநாளுக்கு எடுத்த படங்களை உன் மச்சானுக்குக் கத்தாருக்கு அனுப்பினேன். அவர்தான் முதலில் பார்த்தார். "பாப்பாவோட எடது கண்ணு மட்டும் ஏன் பூனைக்கண்ணு மாதிரி மின்னுது?" என்றார். நான் வெளிச்சம் பட்டிருக்கும் என்றேன். மறுநாள் திரும்ப எடுத்தேன். அதே வெள்ளை.

புதுக்கோட்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவரை பாப்பாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வருகிற திங்கள்கிழமை மயக்க மருந்து கொடுத்துச் சோதிப்பார்களாம்.

அம்மாவோ, "வேளாங்கண்ணிக்கு நேந்த மொட்டைய இன்னும் போடல, அதான்" என்று அழுகிறாள். கோயிலுக்கு வெளியே ஒரு அம்மா என் காதுபடவே, "யாரு பண்ணுன பாவமோ, பிள்ளை தலையில விடிஞ்சிருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து நான் செய்த தப்பையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதுவும் ஒரு குழந்தையின் கண்ணுக்கு ஈடாகவில்லையே, தம்பி.

ஜனவரியில் உனக்குக் குருப்பட்டம், சாமியார் ஆகிவிடுவாய். இத்தனை வருஷம் வேதம் படித்திருக்கிறாய். இதற்கு உங்கள் படிப்பில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? சுருக்கமாக வேண்டாம். முழுதாக எழுது.

உன் அக்கா,
ஜாஸ்பின்

குருமடம், பெங்களூரு,
21.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆலயத்தில் வைத்துப் படித்தேன். பாப்பாவுக்காகத் தினமும் பூசையில் மன்றாடுகிறேன். மதுரையில் ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம், மனதைத் தளரவிடாதே.

பாவம் என்று சொன்னவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீடர்களும் கேட்டார்கள். இரண்டுமில்லை என்றார் ஆண்டவர். அந்த மனிதரிடத்தில் கடவுளின் செயல் வெளிப்படவே அப்படி என்றார்.

நீ முழுதாக எழுதச் சொன்னாய். கடவுள் தீமையைப் படைக்கவில்லை. இருள் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, வெளிச்சம் இல்லாததுதான் இருள். அதுபோலத் தீமை என்பது நன்மையின் இல்லாமை. பிறகு, மனிதருக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார்; உலகுக்கும் அதற்கான விதிகளைக் கொடுத்திருக்கிறார். அவற்றால் வரும் துன்பத்தை அவர் அனுப்புவதில்லை, அனுமதிக்கிறார். அந்தத் துன்பத்திலிருந்தே பெரிய நன்மையையும் எடுத்துத் தருவார். நெருப்பில் பொன்போல நம் ஆன்மா புடம் போடப்படுகிறது. இதைப் பற்றித்தான் இந்த ஆண்டு என் கட்டுரையும்.

மதுரைக்குப் போய்வந்து எழுது.

அன்புத் தம்பி,
ஜெரோம்

ஆவூர்,
29.06.2024

அன்புத் தம்பிக்கு,

புற்றுக் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணில் பார்வை எப்போதோ போய்விட்டதாம். கண்ணை எடுத்தால்தான் உயிருக்கு ஆபத்து இல்லை, தள்ளிப்போட்டால் நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும் என்றார் டாக்டரம்மா. வலது கண் இப்போதைக்குச் சுத்தம். ஆனால் அதிலும் வரலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

நீ இல்லாமை என்று எழுதியிருந்தாய். ஸ்கேனில் காட்டினார்கள் ஜெரோம். மொச்சைக்கொட்டை அளவுக்கு இருக்கிறது. அது இல்லாத பொருள் இல்லை. என் பிள்ளை சாப்பிடுகிற சோற்றில் அதுவும் தின்று வளர்கிறது. சுதந்திரம் என்றும் எழுதியிருந்தாய். இவளுக்கு இன்னும் செருப்பை மாற்றாமல் போடத் தெரியாது, இவளுக்கென்ன சுதந்திரம்? புடம் போடுவது என் ஆன்மாவையா, அவளுடையதையா? என்னுடையது என்றால் என் கண்ணை எடுக்கட்டும். கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

இப்போது பெரிய பயம் வேறு. ஜெபக்குழுப் பிச்சையண்ணன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். தன் மகனைப் பாம்பு கடித்துப் பிழைத்த கதையைச் சொல்லி அம்மாவை அழவைத்தார். கடைசியில், "ஆண்டவரு குடுத்த கண்ணை நாம அறுக்கக் கூடாதும்மா. வெசுவாசம் இருந்தாக் கட்டி தானாக் கரைஞ்சுரும்" என்றார். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். உன் மச்சானிடம் போனில் சொல்லி, அவரும், "ஒரு மாசம் ஜெபம் பண்ணித்தான் பாப்பமே ஜாஸ்பின், கண்ணை எடுத்துட்டா திரும்ப வருமா?" என்கிறார். பாவம், அவரும் அங்கே லீவு கிடைக்காமல் தவிக்கிறார்.

ஒரு மாதம் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னதை நான் மட்டும்தான் காதால் கேட்டேன். நான் சொன்னால் அவநம்பிக்கைக்காரி. நீ சொன்னால் அம்மா கேட்பாள். உன்னை இப்போதே சாமி என்றுதானே கூப்பிடுகிறாள். ஒரு வார்த்தை, ஆபரேஷன் செய்யுங்கள் என்று, நீ சொன்னால் போதும்.

நேற்று என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தேன். ஒவ்வொரு கண்ணாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு என்ன ஆகிறது என்று தெரியவில்லை.

அக்கா,
ஜாஸ்பின்

குருமடம், பெங்களூரு,
04.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. வேதத்தில் எல்லாம் இழந்த யோபுவும் இப்படித்தான் கேட்டார், கடவுள் அவரைக் கோபிக்கவில்லை.

ஆபரேஷனைப் பற்றி. டாக்டர் சொல்வதைத் திருச்சபை ஒருபோதும் தடுப்பதில்லை. ஆனால் அம்மாவின் விசுவாசத்தையும் நாம் சட்டென்று உடைத்துவிடக் கூடாது. எனக்காகவே வாழ்ந்தவள். நேற்றுத்தான் பாப்பாவுக்காக இங்கே எல்லாரும் சேர்ந்து நவநாள் தொடங்கியிருக்கிறோம். வருகிற வியாழனோடு ஒன்பது நாளும் முடியும். அதுவரை பொறு. அதன் பிறகு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். புதுமைகள் நடந்திருக்கின்றன அக்கா. நான் அம்மாவிடம் பக்குவமாகப் பேசுகிறேன்.

பரீட்சை நடக்கிறது. இல்லையென்றால் நேரில் வந்திருப்பேன்.

தம்பி,
ஜெரோம்

ஆவூர்,
08.07.2024

ஜெரோமுக்கு,

உன் நவநாள் முடியும்வரை கட்டி காத்திருக்குமா என்று கேட்டுச் சொல்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு மதுரைக்குப் பஸ் ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். அப்பா அம்மா இரண்டு பேரும் வேண்டாம், ஒருவர் கையெழுத்துப் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. உன் மச்சான், "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நானா நம்பிக்கை இல்லாதவள்? கடவுள் கரைக்கட்டும் என்று நான் கேட்காத நிமிஷம் உண்டா? பாத்திரம் தேய்க்கும்போது கேட்கிறேன், போர்டில் எழுதும்போது கேட்கிறேன். ஆனால் காலையில் எழுந்து டார்ச் அடித்தால் அந்த வெள்ளை அப்படியே இருக்கிறது, இன்னும் அகலமாகத்தான் தெரிகிறது. அவளைத் தூக்கிக்கொண்டு போவது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

பதில் எழுத வேண்டாம். யோபுவைப் பற்றியும் வேண்டாம். பரீட்சையை நல்லபடியாக எழுது.

ஜாஸ்பின்

குருமடம், பெங்களூரு,
20.07.2024

அன்பு அக்காவுக்கு,

மதுரையிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பாப்பா கண்ணில் போட்ட கட்டைப் பிய்க்காமல் இருக்கிறாளா? கையில் துணி சுற்றி வைக்கச் சொன்னார்களே, செய்கிறாயா?

வியாழக்கிழமை இருட்டும் நேரத்தில் நானும் அம்மாவும் வார்டு வாசலில் வந்து நின்றபோது, அம்மாவை எப்படி அழைத்து வந்தாய் என்று நீ கேட்கவே இல்லை. அன்றைக்கு அதைப் பேசும் நிலைமையும் இல்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நவநாளின் எட்டாம் நாள். பாதியில் எழுந்து வந்து, குருமடத் தலைவரான ரெக்டர் சாமியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஆவூரில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் பிச்சையண்ணனும் இரண்டு அம்மாக்களும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, கெளம்புங்க, மதுரைக்குப் போவோம்" என்றேன்.

"சாமி, ஆண்டவரு குடுத்த கண்ணை அறுக்குறதைப் பாக்கவா கூப்புடுறீங்க?" என்றாள்.

"கட்டியும் அவரு குடுத்ததான்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா பிள்ளையை நம்ம கையில குடுத்திருக்காரு. அது தெரியும்."

பிச்சையண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "பிரதர், நீங்களே இப்புடிப் பேசலாமா? எம் மகன் பொழைக்கலையா?"

"அன்னைக்கு என்னண்ணே பண்ணுனீங்க?"

"செபம் பண்ணுனேன். விடாம செபம்."

"எங்க வச்சு?"

அவர் செபமாலையை மடியில் வைத்தார். "ஆம்புலன்ஸ்லதான்" என்றார்.

பிறகு அவரே எழுந்து, "ஆத்தா, பையை எடுத்து வைங்க, நான் பைக்குல பஸ் ஸ்டாண்டுல விடுறேன்" என்றார். முதலில் அம்மாவை விட்டுவிட்டு, திரும்ப வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் அழுதுகொண்டே வண்டி ஓட்டினார்.

மதுரையில் நான் உனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வைத்திருந்ததெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குள் பாப்பாவைத் தள்ளிக்கொண்டு போனபோது போய்விட்டது. அவள் உன்னைப் பார்த்துக் கையை நீட்டினாளே. அதற்குப் பதில் எந்தப் படிப்பிலும் இல்லை. சிலுவையிலிருந்து ஆண்டவரும் ஏன் கைவிட்டீர் என்றுதான் கேட்டார், அவருக்கும் அந்நேரம் பதில் வரவில்லை. இதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அந்த வராந்தாவில்தான் எனக்குக் காது கேட்டது.

கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். குருப்பட்டத்தையும் ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். ரெக்டர் சாமி காரணம் கேட்டார். நாளைக்கு ஒருவர் தன் பிள்ளையோடு என் முன்னால் வந்து நின்றால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை என்றேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

தம்பி,
ஜெரோம்

ஆவூர்,
27.07.2024

அன்புத் தம்பி ஜெரோமுக்கு,

முதலில் நல்ல செய்தி. கட்டி நரம்புக்குள் ஏறவில்லை. டாக்டரம்மா அதைச் சொன்னதும் அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன் மச்சானிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "நீ போனது நல்லதாப் போச்சு ஜாஸ்பின்" என்றார். அடுத்த மாதம் லீவு கொடுக்கிறார்களாம்.

வலது கண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து, ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு. அவளுக்கு ஐந்து வயது ஆகும்வரை நிம்மதி கிடையாது என்று தெரிந்துகொண்டேன். இன்னும் காலையில் எழுந்ததும் டார்ச்சைத் தேடுகிறேன். அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். கர்த்தர் கற்பித்த செபத்தில், உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்று வருகிற இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்தில் அம்மாவின் குரலும் நின்றிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கடவுளோடு எனக்குச் சண்டை தீரவில்லை, ஜெரோம். ஆனால் வீட்டைவிட்டுப் போகிற சண்டை இல்லை.

இப்போது உன் விஷயம். மதுரையில் நமக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளே, கீரமங்கலத்துக்காரி, பூ வியாபாரம். பெயர் செவந்தி. அவள் மகனுக்கு இப்போது இரண்டாவது கண்ணிலும் கட்டி. முதல் கண்ணைப் போன வருஷமே எடுத்துவிட்டார்கள். வேறு யாரும் துணைக்கு இல்லை. இந்தத் தடவை போனபோது என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "அன்னைக்கு ஒங்ககூட ஒக்காந்திருந்தாரே, அவரு யாருக்கா? சாமியாரா?" என்று கேட்டாள்.

"என் தம்பி" என்றேன்.

"எம் பிள்ளையச் சோதிக்க உள்ள கொண்டுபோனப்ப எனக்கு மயக்கமா வந்துச்சு. அவரு எந்திரிச்சு வந்து எம் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டாரு. ஒண்ணுமே கேக்கல. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. வர்ற ஏழாந்தேதி எம் பிள்ளைக்குக் கண்ணை எடுக்குறாங்க. அவரை வரச் சொல்லுவீங்களா? ஒண்ணும் பேச வேணாம்க்கா. சும்மா வந்து ஒக்காந்தாப் போதும்."

என்ன சொல்வேன் என்று தெரியவில்லை என்று ரெக்டர் சாமியிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அவள் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமலே வருவான் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நானும் வருகிறேன், பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டேன். குருப்பட்டம் ஜனவரியிலா அடுத்த வருஷமா என்பதை நீயும் ரெக்டர் சாமியும் பேசிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை. காலை ஏழு மணிக்குள் வந்துவிடு. உள்ளே கொண்டுபோகும் முன்னால் அந்தப் பையனும் உன்னை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
ஜாஸ்பின்