கால் நீட்டும் வகுப்பு

5 மார்ச் 1957, செவ்வாய்

காலையில் லாரி வந்து தோட்டத்தில் எல்லார் வீட்டு அரிசியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. காட்டில் ஒளிந்திருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடிகூடப் போய்ச் சேரக் கூடாதாம். இனி முள்வேலிக்குள் யாரும் அரிசி வைத்திருக்கக் கூடாது. பழைய ரப்பர்க் கொட்டகையில் எல்லாருக்கும் ஒன்றாகச் சமைத்து, சோறாகத் தருவார்கள். என் மகன் சிவசிதம்பரம் இங்கே கணக்கெழுதும் கிராணி. எங்கள் வீட்டுக்கும் அதே சோறுதான்.

சமைக்க ஆறு ஆண்களை எடுத்திருக்கிறார்கள். ஏன் ஆண்கள் என்று, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அர்ச்சுனனைக் கேட்டேன்.

"பொம்பளைங்கள விட்டா மடியில கட்டிக்கிட்டுப் போயிடுவாங்க டீச்சரம்மா."

அந்த ஆறு பேரில் முனியாண்டியும் ஒருவன். அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியாத மனிதன்!

6 மார்ச்

சோறு இல்லை, கஞ்சி. அடியில் கரி.

7 மார்ச்

இன்றும் கஞ்சி. குழாயடியில் முனியாண்டியின் மனைவி பஞ்சாலை சிரித்த சிரிப்பு, கேட்டில் நிற்கும் போலீஸ்காரருக்கும் கேட்டிருக்கும். "பதினோரு வருசமா என் சோத்துல கல்லு கெடக்குன்னு தட்டத் தள்ளுனாரு. இப்ப எரநூறு பேரு அவரு சோத்தத் தள்றாங்க!"

15 மார்ச், வெள்ளி

சோறு சோறாகிவிட்டது. மனிதன் பழகினால் எதுவும் வரும்.

வேறொன்று கவனித்தேன். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, மதியம் திரும்பி, தண்ணீர் தூக்கி, விறகு உடைத்து, அடுப்பு ஊதும் பெண்கள், இப்போது நாலு மணிக்கு வாசலில் சும்மா நிற்கிறார்கள். வாத்தியார் வராத வகுப்பில் பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடம் பயந்துபோய் அசையாமல் இருப்பார்களே, அப்படி.

பள்ளிக்கூட அறை மதியத்துக்குமேல் பூட்டித்தான் கிடக்கிறது. இவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன? ஐம்பத்தாறு வயதில் இன்னொரு வகுப்பு! மகனைத் துரையிடம் கேட்கச் சொன்னேன். சாவி கிடைத்துவிட்டது.

18 மார்ச், திங்கள்

ஏழு பேர் வந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்பது என் ஒரே சட்டம். சிலேட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். வந்தவர்களில் மங்கம்மா அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள்.

"படிப்பு அப்புறம் டீச்சரம்மா. மொதல்ல கால நீட்டிக்கிறோம்."

ஏழு பேரும் நீட்டினார்கள். நான் பலகையில் 'அ' எழுதிவிட்டுத் திரும்பினால் மூன்று பேர் தூக்கம்.

கோபம் வந்தது, மறைப்பானேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். வரிசையாகக் கட்டிய லயத்தில் வீட்டுக்கு ஓர் அறை. அதில் புருஷன், பிள்ளைகள் என்று ஏழு பேர். அங்கே எந்தப் பக்கம் காலை நீட்டுவது?

2 ஏப்ரல், செவ்வாய்

சிலேட்டுகளை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இன்று பாதியில் முனியாண்டி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தான். பஞ்சாலை போய்ப் பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை அவனிடமே நீட்டினாள்.

"நான் என்ன ஆயாவா?"

"இல்ல, அப்பன்."

உள்ளே வந்து உட்கார்ந்தவள் சொன்னாள்: "அஞ்சு பெத்தேன் டீச்சரம்மா. ஒண்ணுகூட எனக்குப் பாரமில்ல. ஆனா ஒரு மணி நேரம் யாரும் என்னைத் தொடாம இருந்தா, அப்புறம் போய் அதுங்கள அள்ளித் தூக்கணும்னு ஆசையா இருக்கு."

மகன் சிறுவனாக இருந்தபோது நான் செரம்பானில் பாடம் நடத்தப் போய்விடுவேன். வளர்த்தது, சமைத்தது எல்லாம் என் அக்கா பூரணம். இவளும் ஒரு தாயா என்றார்கள். மாலையில் படியேறும்போது அவனைப் பார்க்க எனக்கு இருந்த ஆசையை யாரும் கேட்கவில்லை. பஞ்சாலை இன்று எனக்காகவும் சொல்லிவிட்டாள்.

11 மே, சனி

ஜூன் முதல் தேதியிலிருந்து அரிசி மறுபடி வீட்டுக்கே வருகிறது. பொதுச் சமையல் நின்றுவிடும். தோட்டமே கொண்டாடுகிறது. எங்கள் அறையில் மட்டும் கொண்டாட்டம் இல்லை.

"நம்ம நாலு மணி போச்சு" என்றாள் பஞ்சாலை. காலை மடக்கிக்கொண்டாள்.

13 மே, திங்கள்

முனியாண்டியை வழியில் பிடித்தேன். "உனக்குத்தான் இப்போது சமைக்கத் தெரியுமே?"

"அது கம்பெனி வேல டீச்சரம்மா. இது வீட்டு வேல. ரெண்டும் ஒண்ணா?"

"பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, மகனிடம் எனக்குக் கணக்குத் தெரியாது என்றா சொன்னேன்?"

தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

3 ஜூன், திங்கள்

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் அறையைத் திறந்தேன். பஞ்சாலை மட்டும் வந்தாள்.

"அரிசிய அவரு முன்னால வச்சிட்டு வந்துட்டேன்." சிரித்தாள், ஆனால் கண் வாசலிலேயே இருந்தது. அடிப்பானோ? எனக்கும் பயம்தான்.

சிறிது நேரத்தில் வாசலில் முனியாண்டி, கையில் பானை. "ஏய், ஆறு பேருக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்? எனக்கு எரநூறு பேருக்குத்தான் தெரியும் லா!"

பஞ்சாலை எழுந்திருக்கவில்லை. "அரிசிக்கு மேல வெரல வை. ஒரு கணு."

அவன் விரலைப் பார்த்தபடியே போனான். அவள் மெதுவாகக் காலை நீட்டினாள்.

7 ஜூன், வெள்ளி

இன்று நாலு பேர். முனியாண்டி லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பானைக்குள் எட்டிப் பார்க்கிறானாம். "கஞ்சியானா பரவால்ல அண்ணே. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்."

10 ஜூன், திங்கள்

வீட்டுக்கு வந்ததும் முனியாண்டியின் புதுக் கதைகளை மருமகள் சரோஜினிதேவியிடம் நடித்தே காட்டினேன். அவளும் சிரித்தாள். இடுப்பில் பேத்தி, கையில் கஞ்சி வடியும் பானை. எனக்குக் கோப்பி மேசையில் தயாராக இருந்தது.

பிறகு கேட்டாள்: "மாமி, அங்க கால் நீட்டினா நிலம் குளிருமோ?"

கோப்பியைக் குடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் இங்கிருந்து நூறு அடி. மூன்று மாதமாக அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வா என்று நான் ஒரு நாள் சொன்னேனா?

11 ஜூன், செவ்வாய்

மூன்றே முக்காலுக்குச் சாவியைச் சரோஜினியின் கையில் கொடுத்தேன். "பிள்ளை, மாமி?" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு வரவில்லை. ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தாள். முகத்தில் பாயின் தடம்.

நான் வைத்த சோறு குழைந்துவிட்டது. முனியாண்டியைக் கேட்டிருக்கலாம்.