செயின் கழலவில்லை

குவார்ட்டர்ஸ் பரணை ஒழித்துக்கொண்டிருந்த என் மனைவி இன்று ஒரு பெயிண்ட் டப்பாவை இறக்கி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை. உள்ளே, உன் கியர் சைக்கிளிலிருந்து நாம் கழற்றிய மூன்று செயின்வீல்கள். கூடாது என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் கத்துவது?

சுரங்கத்தில் நீ காண்ட்ராக்ட், நான் பெர்மனென்ட் ஃபிட்டர். கம்மாபுரத்திலிருந்து தினமும் மிதித்து வருவாய். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போன, மலையேறுவதற்கென்று செய்த சைக்கிள் அது. பெடலோடு சேர்ந்து சுற்றும், பல் வைத்த மூன்று செயின்வீல், செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிட ஒரு கருவி. சுரங்கச் சேறு அதில் அப்பிக்கொள்ளும். மேட்டில் கியர் மாற்றினால் செயின் கழன்று தொங்கும். ஒருநாள் அப்படித்தான் கையெல்லாம் கிரீஸோடு பத்து நிமிடம் பிந்தி வந்தாய். கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். உனக்கும் பின்னால் வந்த என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. எனக்குத்தான் இன்னும் எரிகிறது.

முன்னால் ஒரு செயின்வீலே போதும் என்பது உன் யோசனை. போனில் வீடியோ பார்த்துத் தேறியிருந்தாய். மேடு ஏறாது என்று நான் மறுத்தேன்.

"நம்ம ஊர்ல ஏது அண்ணே மலை? இருக்கிற மேடெல்லாம் நாம தோண்டிக் கொட்டுனதுதான" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். மூன்றையும், அந்தத் தள்ளும் கருவியையும் எடுத்துவிட்டு, நீ வரவழைத்திருந்த புது வீலை மாட்டினோம். அதன் பற்கள் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு என்று மாறி மாறி இருந்தன. செயினின் இடைவெளிகளும் அப்படியே என்பதால் கவ்வினால் விடாது. போல்ட் நீளமாக இருந்தது, நான் வாஷர் வைத்துச் சரிக்கட்டினேன். செயினில் இரண்டு கண்ணிகளைக் குறைத்தோம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, செயினை விரலால் நெம்பினாய். அசையவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் நீ ஒருநாள்கூடப் பிந்தவில்லை.

பிறகு ஒரு காலையில் மண் லாரி உன்னைப் பின்னாலிருந்து அடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை நீ.

மூன்றாம் நாள் லாரிக்காரர் தரப்பில் ஒருவர் உன் வீட்டுக்கு வந்தார். கியரை நீயே கழற்றிப் போட்டதால் செயின் நழுவி, தடுமாறி லாரிப் பக்கம் விழுந்தாயாம். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

உன் மனைவி என்னிடம் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் அதைக் கழட்டாம இருந்திருந்தா, அவரு இருந்திருப்பாராண்ணே?"

இருபது வருட ஃபிட்டர், என் கைவேலையையே அன்று முழுவதும் சந்தேகப்பட்டேன். அப்படி என்னைச் சந்தேகப்பட வைத்ததற்காகவே அந்த மனிதரை மன்னிக்கமாட்டேன்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். பின்சக்கரம் நசுங்கி மடிந்திருந்தது. முன்னால், காய்ந்த சேற்றோடு, செயின் பல்லில் அப்படியே இருந்தது. கழன்றால் எப்படித் தொங்கும் என்று சொன்னேன். அவள் குனிந்து விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. நேராக உள்ளே போனாள்.

"செயின் பல்லுல ஒக்காந்துகினுதான் இருக்குது சார். பின்னாடியிலிருந்து அடிச்சிருக்காங்க. நீங்க வந்து பாத்துட்டு எழுதுங்க."

வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பின்சக்கரத்தின் சேதத்தை எழுதிக்கொண்டார்கள். ஆனால் லாரிக்காரர் தரப்பு சொன்னதைக் கேட்டு, செயின் கழன்றது என்று முன்பே எழுதிய வரியை அடிக்கவில்லை. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. வழக்கு நடக்கிறது. உன் மனைவி ஒரு வாய்தாவையும் தவறவிடுவதில்லை, நானும்தான்.

டீக்கடையில் இப்போதும் யாராவது சொல்வார்கள், சைக்கிளிலிருந்து விழுந்து செத்தானே, அவன் என்று. நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து அவர் முன்னால் போய் நிற்பேன். "அவன் விழலை. அடிச்சாங்க" என்பேன். ஒரு வருஷமாச்சு, கோபத்தை விடு என்கிறார்கள் நல்லவர்கள். நான் விட்டுவிட்டால், நீ விழுந்தாய் என்றே ஆகிவிடும்.