அந்த ஒன்று எங்கே என்று அம்மா கேட்டார்

இன்று நெய்யாற்றின்கரைப் பேருந்து நிலையத்தில் என் அருகே இருந்த பெண் கைபேசியில் செருப்பு தேடிக்கொண்டிருந்தாள். ஏழாம் அளவைத் தொட்டாள், பிறகு கறுப்பு நிறத்தை. கறுப்புக்குப் பக்கத்தில் மூன்று என்று எண் இருந்தது. தொட்டதும் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது. "சும்மா ஏய்க்குதானுவ" என்று சிரித்துக்கொண்டே கைபேசியைப் பையில் போட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஏற வேண்டிய பாறசாலை வண்டி வந்து போனது. உன்னை நினைத்தபடி உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

கடைகளின் இணையதளங்களுக்குத் தேடுபொறி அமைப்பதுதான் நம் வேலை. நீ பொழியூர்க் கடற்கரைப் பெண், நான் அதியன்னூர்க்காரி. அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. புயல் அடித்த அன்று உன் தம்பி கடலில் இருந்தான். மறுநாள் நீ வேலைக்கு வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய்.

"கரையில நிண்ணு அழுதா அவன் வருவானா? ஆளுவ ஒவ்வொரு எடத்துல கெடக்குதாவ. பேரெல்லாம் ஒரே எடத்துல தேடக் கிட்டணும்" என்றாய்.

சிலர் தொலைதூரத் துறைமுகங்களில் கரையேறியிருந்தார்கள். சிலர் ஏதேதோ மருத்துவமனைகளில் கிடந்தார்கள். தொண்டர்கள் தொலைபேசியில் சொன்ன பெயர்களை நான் பதிவு செய்தேன். நீ தேடும் பக்கத்தை அமைத்தாய். ஊர், வயது, நிலை மூன்றையும் தேர்ந்தெடுக்கலாம். கரைசேர்ந்தவர், சிகிச்சையில் இருப்பவர், தேடப்படுபவர் என்று நிலைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை பேர் என்று ஓர் எண்.

கடற்கரை முழுவதும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தது. பக்கம் திணறி நின்றது. ஒருவர் ஓர் ஊரைத் தொட்டால், மற்ற எல்லா எண்களையும் பொறி முதலிலிருந்து எண்ணியாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் தொட்டால் அது தாங்காது. எனவே எண்ணிய கணக்கை நினைவகத்தில் கொஞ்ச நேரம் வைத்து, அடுத்து வருகிறவருக்கு அதையே எடுத்துக் கொடுக்கச் செய்தாய். நம் தொழிலில் அதற்குக் கேஷ் என்று பெயர். பெயர்ப்பட்டியல் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே வரும். பக்கம் ஓடத் தொடங்கியது. வேறு யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்த நாள் மதியம் உன்னோடு உன் வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நடுவே உன் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் கைபேசி இருந்தது.

"மக்கா, ஒண்ணு உண்டு! நம்ம ஊரு, அவனுக்க வயசு, கரைசேர்ந்தவரு. ஒண்ணுண்ணு காட்டுது!" தொட்டுப் பார்த்தார். பட்டியல் வெறுமையாக இருந்தது. "ஆளு எங்க?"

நீ வாங்கிப் பார்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அம்மா, அது முன்ன எண்ணின கணக்கு. கேஷில கெடக்குது."

"காசா? காசு எதுக்குட்டீ? ஆளு எங்கண்ணுல்லா கேக்கேன்."

நீ தொண்டர்களை அழைத்து விசாரித்தாய். கரையேறியவர் மாநில எல்லைக்கு அப்பால் உள்ள நீரோடிக்காரர். அவர் போன வள்ளம் பொழியூர்க்காரருடையது என்பதால் ஊரைத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். சற்று முன்புதான் அதைத் திருத்தியிருந்தார்கள். பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது, எண் போகவில்லை. நீ இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா மறுபடியும் தொட்டார். அதற்குள் கணக்கு புதிதாகியிருந்தது; அந்த ஒன்றும் இல்லை.

"இப்பம் இருந்துதே. இப்பம் நான் கண்டதுதானே. நீயாக்கும் அவன அழிச்சது!"

நீ பேருக்குச் சாப்பிட உட்கார்ந்தாய். இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்தாய். அலுவலகம் வந்ததும் கேஷை எடுக்கும் வேலையை ஆரம்பித்தாய். கேஷை எடுத்தால் பக்கம் மறுபடியும் நின்றுவிடும் என்று நான் வாதாடினேன்.

"மெதுவாட்டு வரட்டும். ஊரும் வயசும் எப்பவாச்சுந்தான் மாறும், அந்தக் கணக்க வச்சுக்கிடலாம். கரையேறினானா இல்லியாங்குதது நிமிசத்துக்கு நிமிசம் மாறும். அது தொட்ட எந்தக் கணக்கையும் சேத்து வைக்காண்டாம். ஒவ்வொரு தடவையும் எண்ணணும்."

எண் வரும் இடத்தில் 'எண்ணிக்கொண்டிருக்கிறோம்' என்ற வரி நெடுநேரம் நின்றது. ஆட்கள் அழைத்து ஏசினார்கள். நமக்கு உதவிய தொண்டர்களே பழையபடி மாற்றச் சொன்னார்கள். நீ அசையவில்லை. தம்பியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு செய்தியும் வரவில்லை. வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

தேவாலயத்தில் அவனுக்காகப் பூசை நடந்தபோது அம்மா வரவில்லை. "ஒண்ணு இருந்துது" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு நீ மெலிந்துபோனாய். கடைசியில் நீரோடிக்குப் போய் அந்த மனிதரைத் தேடிப் பிடித்து வீட்டுக்கே அழைத்து வந்தாய். நானும் கூட இருந்தேன். தம்பி வயதுதான் அவருக்கும். தான் உயிரோடிருப்பதே குற்றம் என்பதுபோல் வாசலில் தயங்கி நின்றார்.

"அம்மா, இவராக்கும் அந்த ஒண்ணு" என்றாய்.

அம்மா அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தார். முதுகைத் தடவிப் பார்த்தார். "எனக்க பிள்ளைய எங்கயாவது கண்டியா மக்கா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றார். சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா அவர் அருகைவிட்டு நகரவில்லை. அவர் போன பிறகு உன்னிடம், "நல்ல பையனாக்கும். ஆனா அந்த ஒண்ணு இவனில்ல" என்றார். வீட்டுக்குப் பின்னால் போய் நீ அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன்பின் நீ அதைப்பற்றிப் பேசியதில்லை. அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தாய், சமைத்தாய், மருத்துவரிடம் கூட்டிப்போனாய். போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து, ஒரு வாரம்கூடத் தாங்காமல் போய்விட்டாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். தம்பியைப் பற்றி அவர் கேட்பதில்லை. அந்த ஒன்றைப் பற்றியும் இல்லை. சென்ற வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளாக்கும் அவன அழிச்சதுண்ணு நான் சொன்னத அவ மனசில வச்சிருந்தாளா மக்கா? உனக்கிட்ட ஏதும் பறஞ்சாளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, அவ அன்னைக்கே மறந்துபோட்டா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, சாயா போட எழுந்து போனார். நீ மறந்தாயா என்று எனக்குத் தெரியாது. இனி யாரிடம் கேட்பேன் என்றும் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டால் அதையேதான் சொல்வேன்.