மூலை மடிக்காத அட்டை

மார்ச் 4

கடையின் மகாராணிக்கு,

நலமா? போன் செய்தால் எடுக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாடிக்கையாளர் மென்பொருள் வாங்கிவிட்டேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி தொடக்கம். அதற்குள் நீ எழுதிய நாலாயிரம் அட்டைகளும் கணினியில் ஏற வேண்டும். பரிசோதனை செய்து இரண்டு வருடம் ஆனவர்களுக்கு அதுவே செய்தி அனுப்புமாம். "நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும் சார்" என்றார் விற்க வந்தவர். அதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே!

சில அட்டைகளின் மூலை மடிந்திருக்கிறதே, ஏன்? நீ இல்லாமல் கை ஒடிந்தாற்போல் இருக்கிறது. தொடக்க நாளுக்காவது வாயேன்.

இப்படிக்கு,
சும்மா உட்கார்ந்திருப்பவன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா வீட்டில் நலமாக இருக்கிறேன். பதினான்கு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்துவிட்டு, மூலை ஏன் மடிந்திருக்கிறது என்று கேட்கிறீர்கள்! அவை இறந்துபோனவர்களின் அட்டைகள். அந்த வீடுகளுக்குத் தவறியும் நினைவூட்டல் போகக் கூடாது. அவற்றை ஏற்றாதீர்கள். குழந்தைகள் அட்டையில் இருப்பது அம்மாவின் எண், அதையும் கணினியில் ஏற்றுபவரிடம் சொல்லிவையுங்கள்.

நம் குட்டிம்மா காய்ச்சலில் போன பிறகு கடைப் படி ஏற எனக்குக் கால் வரவில்லை. உங்களை வெறுத்து வரவில்லை. ஒன்றாம் தேதி வரப் பார்க்கிறேன். உடனே ஊருக்கெல்லாம் தண்டோரா போடாதீர்கள்.

உங்கள்
நான்

மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து செய்தி வந்தது. "வணக்கம் குட்டிம்மா! நீங்கள் கண் பரிசோதனை செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்காகக் காத்திருக்கிறோம்."

ஒரே ஒரு நொடி, "வர்றோம்" என்று பதில் அடிக்கப் போனேன். அப்புறம் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்துதான் தூக்கினாள்.

உங்கள் மேல் தப்பில்லை. ஊரில் இறந்தவர்களின் அட்டையெல்லாம் மடித்தேன். அவளுடையதை மடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வரமாட்டேன், எதிர்பார்க்காதீர்கள்.

ஏப்ரல் 2

என் மகாராணிக்கு,

தப்பு என்னுடையதுதான். கணினியில் ஏற்றும் பெண் அந்த அட்டையை எடுத்து வந்து, "சார், இது நம்ம பாப்பாவுது. தனியா வச்சிடவா?" என்று கேட்டாள். "வேணாம்மா, அவளையும் போடு" என்றேன். நாலாயிரம் பேர் இருக்கும் இடத்தில் அவள் இல்லாமலா? தொடக்கத்துக்கு முன்பே சோதனைக்காகச் செய்தி அனுப்பிப் பார்ப்பார்கள், அது உனக்கே வரும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. உன்னை இப்படி உட்கார வைத்துவிட்டேனே என்று தாங்க முடியவில்லை.

நேற்று எல்லாம் ஒழுங்காகத் தொடங்கியது. நல்ல கூட்டம். நீ வராததற்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடு.

மென்பொருள்காரர்கள் அவள் பெயரை நீக்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. உன் எண் இருந்த இடத்தில் என் எண்ணைப் போட்டுவிட்டேன். இனி உனக்கு வராது. எனக்குத்தான் வரும்.

உன்
நான்