சனிக்கிழமை அரை நாள் லீவு

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை, காற்று மட்டும். மாடியில் காயப்போட்ட இரண்டு துண்டு பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிட்டன.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாள் முதல் மாத்திரைதான். அது மட்டும் போதாது, டி.பி.டி. என்று ஒரு சிகிச்சை இருக்கிறது, கோவையில் சேருங்கள் என்றார் டாக்டர். முழுப் பெயர் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. கோபமும் அழுகையும் கட்டுமீறிப் போகிறவர்களுக்கு. சாக வேண்டும் என்று திரும்பத் திரும்பத் தோன்றுகிறவர்களுக்கு. அதாவது எனக்கு.

சனிக்கிழமை கோவையில் கேட்க வேண்டியவை:
– எத்தனை மாதம்?
– தமிழில்தானே?
– குரூப்பில் பேசியே ஆக வேண்டுமா? திருப்பூர்க்காரர் யாராவது இருந்தால்?
– மாத்திரையை நிறுத்தலாமா
– ஆபீசில் என்ன சொல்வது
– அம்மா வர வேண்டுமா (வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்)

எங்கள் பனியன் கம்பெனியின் யு.கே. பையர் கலர் சரியில்லை என்று சாம்பிளை மறுபடி திருப்பிவிட்டார். மூன்றாவது முறை.

ஜூன் 14, சனி

பஸ்ஸில் உட்கார இடம். தெரபிஸ்ட் பெயர் காயத்ரி. என் வயதுதான், முப்பத்தொன்று இருக்கும். லிஸ்டைப் பார்த்தே படித்தேன். சிரிக்கவில்லை.

ஆறு மாதம். தமிழில்தான். புதன் மாலை தனியாக, வீடியோவில். சனி காலை பத்து மணிக்குக் குரூப், நேரில். வகுப்பு மாதிரி, வீட்டுப்பாடமும் உண்டு. சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பார்த்தவரைப் பற்றி யாரும் வெளியே பேசக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தினமும் ஒரு அட்டையில் மனநிலைக்கு மார்க். கைமீறும் என்று தோன்றினால், எதையும் செய்வதற்கு முன் அவருக்கு போன்.

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். "இந்த ஆறு மாசமும் உயிரோட இருந்து இதைச் செஞ்சு பாக்கறேன்னு ஒத்துக்க முடியுங்களா?"

லிஸ்டை நாலாக மடித்தேன்.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும்னா முடியுமுங்க."

"சரிங்க. அன்னிக்கு மறுபடி கேக்கறேன்."

ஜூன் 16, திங்கள்

மேனேஜரிடம் சனி அரை நாள் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"டாக்டர்கிட்டப் போறேனுங்க சார். ஆறு மாசத்துக்கு."

"முதுகுங்களா? நாள் பூரா உக்காந்தே இருந்தா அப்படித்தான்."

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். "இல்லீங்க. மனசுங்க."

கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மணிக்கு வந்துருவீங்களா?"

அவ்வளவுதான். கேன்டீனில் டீயைக் கொட்டிக்கொண்டேன். துப்பட்டாவில் கறை.

ஜூன் 21, சனி

அம்மா கிளம்பி நின்றாள். வேண்டாம் என்றதற்கு, "நீ உள்ள போ கண்ணு, நான் வெளிய உக்காந்துக்கறேன்." வழியில் கடலை வாங்கினாள்.

என்னைக் கேட்டுவிட்டு, காயத்ரி அம்மாவையும் ஐந்து நிமிடம் உள்ளே கூப்பிட்டார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இவளுக்குக் கல்யாணம் ஆகுமா என்று கேட்கப் போகிறாள் என நினைத்தேன்.

"ஏனுங்க, இவ கதவச் சாத்திக்கிட்டா நான் வெளியவே நின்னுட்டு இருக்கறனுங்க. கூப்பிட்டா கோவப்படறா. கூப்பிடாம இருக்கப் பயமா இருக்குது. அப்ப நான் என்ன பண்ணோணுமுங்க?"

வெளியே நிற்பது எனக்குத் தெரியாது. டிவி பார்க்கிறாள் என்றே இத்தனை மாதம் நினைத்திருந்தேன்.

காயத்ரி சொல்லிக்கொடுத்தார்: பேசட்டுமா, சும்மா பக்கத்தில் இருக்கட்டுமா என்று ஒரே முறை கேளுங்கள். பதிலே இல்லையென்றால் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் உள்ளே போங்கள், எனக்கும் போன் செய்யுங்கள்.

அன்றே என் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது என்று மூவரும் பேசி முடித்தோம்.

பிறகு என்னிடம் அதே கேள்வி.

"ஆறு மாசத்துக்குச் சரிங்க." குரல் சின்னதாக வந்தது. ஃபாரத்தில் கையெழுத்து. குரூப் அடுத்த வாரம் முதல்.

ஜூன் 24, செவ்வாய்

நல்ல வெயில். ஷிப்மென்ட் தள்ளிப்போனது. மீட்டிங்கில் எல்லார் முன்னும் மேனேஜர், "கவிதா மேடம், நீங்க பாக்கற வேலைதானுங்களே இது?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பிடச் சொன்னாள். கத்தினேன். கதவைச் சாத்தினேன். காயத்ரி சொன்னபடி முகத்தில் குளிர்ந்த தண்ணீர். அட்டையில் கோபம் ஐந்துக்கு ஐந்து. சாவு எண்ணம் இரண்டு.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே அம்மா, மனப்பாடம் செய்தவள் மாதிரி: "கண்ணு, பேசட்டுமா? சும்மா இருக்கட்டுமா?"

"சும்மா இரும்மா."

தரையில் உட்காரும் சத்தம். முட்டி சொடுக்கியது எனக்குக் கேட்டது. சேரை இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டேன். கதவை மறுபடி சாத்தவில்லை.