நரிக்குடிக்குப் போனதைச் சொன்னது யார்?

ஆவணி 3, செவ்வாய்

காலையில் மேகம். பத்து மணிக்கெல்லாம் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. சர்க்கரை மாத்திரை ஒன்று. பழைய சோறு, மாத்திரைக்குத் தெரியாமல்.

திருப்பூரிலிருந்து மகன் முருகேசன் போன்.

"ஞாயித்துக்கெழம எங்கப்பா போனீக?"

"அருப்புக்கோட்டைக்கு. கண்ணு காட்ட."

"கண்ணு நரிக்குடியிலயா இருக்கு? அத்த வீட்ல ரெண்டு மணி நேரம் இருந்திருக்கீகளே."

நேரத்தோடு சொல்கிறான்!

விஷயம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன் நரிக்குடியில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் ஊரில் உள்ள பேரெல்லாம் அச்சடித்தார்கள். மகன் மு. பேர் மட்டும் விட்டுப்போனது. அந்த வீட்டில் நம்ம ஆள் யாரும் கை நனைக்கக் கூடாது என்று அன்றைக்கு அவன் போட்ட உத்தரவு. நானும் தலையாட்டினேன். சித்திரையில் அக்கா விழுந்தாள். இடுப்பு. படுக்கை. அவளுக்கு வயசு எண்பது தாண்டியாச்சு. இனி எவன் உத்தரவைப் பார்ப்பது? மூன்று மாதமாகத் திருட்டுத்தனமாகப் போகிறேன். கை மட்டுமா, முழங்கை வரை நனைக்கிறேன்.

போட்டுக்கொடுத்தது யார்? பஸ் ஏறும்போது பார்த்த ஒரே ஆள் டீக்கடைக் கருப்பையா.

ஆவணி 4, புதன்

காற்று. புழுதி. கண்ணெல்லாம் மண். கருப்பையாவோடு சண்டை.

"ஏலே கருப்பையா, கடையில டீ விக்கிறியா, எங்கதைய விக்கிறியா?"

"என்னப்பா ஒளறுற? ஒம் மகன்கிட்ட பேசி ரெண்டு பொங்கலாச்சு."

"பின்ன யாரு சொன்னா, ஒன் கடை பாய்லரா?"

"போய்யா அங்கிட்டு. இனிமே ஒனக்கு டீ கெடையாது."

"ஒன் டீக்கு எங்க ஆடு குடிக்கிற கழுநீரு தேவல."

நாற்பது வருஷச் சிநேகம். நாலு வார்த்தையில் முடிந்தது. சாயங்காலம் வீட்டில் நானே டீ போட்டேன். கழுநீர்.

ஆவணி 6, வெள்ளி

தலையில் துண்டு. கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி, அடுத்த ஊரில் போய் பஸ். ஒரு பயல் பார்க்கவில்லை. திருச்சுழியில் மாறி நரிக்குடி.

அக்கா படுத்த வாக்கிலேயே, "ஏலே சின்னவனே, இன்னைக்கு எந்தச் செவுரு ஏறிக் குதிச்சு வார?"

கம்மங்கூழ், சுட்ட கருவாடு. கை கழுவக்கூட இல்லை, மு. போன் அடிக்கிறான்.

"இன்னைக்குமாப்பா?"

கருப்பையா கண்ணில் நான் படவே இல்லையே. போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்கூட வந்தது இது ஒன்றுதான்.

ஆவணி 7, சனி

பாளையம்பட்டி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. செல்போன் கடை செல்வியிடம் போனைக் கொடுத்தேன்.

"இதுக்குள்ள ஒரு கோள்மூட்டி இருக்கான். புடிச்சுக் குடு தாயி."

எந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க ஒரு ஆப் இருக்கிறதாம். ஏற்றினாள்.

"இவன் யோக்கியனான்னு யாரு பாக்குறது? மொதல்ல இவனச் சோதி."

சிரித்துக்கொண்டே சோதித்தாள். "போன்ல என்னென்ன ஆப் இருக்குன்னு மட்டும் பாக்கும் தாத்தா. வேற ஒண்ணும் கேக்கல."

"நல்ல குடும்பத்துப் புள்ள. இருந்துட்டுப் போகட்டும்."

அகப்பட்டவை:

டார்ச் ஆப். என் போனில் உள்ள நம்பர் பூராவும் அதன் கையில். வெளிச்சம் போட என் மச்சினன் நம்பர் எதற்கு? பிடுங்கியாச்சு.

பஞ்சாங்க ஆப். மைக். ராகுகாலம் சொல்கிறவன் என் பேச்சை ஏன் கேட்கணும்? பிடுங்கியாச்சு.

நடக்கிற அடியை எண்ணுகிற ஆப். நான் இருக்கும் இடம். எப்போதும்.

இது மு. போட்டது. போன மாசம் பருத்திக்காட்டில் நான் மயங்கி விழுந்தேனே, அப்போது. சக்கரைக்கு நல்லதுப்பா என்றான். நான் நிற்கிற இடம் அவன் போனில் புள்ளியாகத் தெரியுமாம். பாசம்தான். பாசத்துக்கு இவ்வளவு நீளக் கயிறா?

"இதையும் நிப்பாட்டிரவா தாத்தா?"

"நிப்பாட்டு. நீயே சொல்லிக் குடுத்துரு, எங்க தொறக்கணும், எங்க மூடணும்னு."

திரும்பி வந்து கருப்பையா கடை.

"தப்பு எம்பேர்லதாம்ப்பா."

"சத்தமாச் சொல்லு, பாய்லருக்குக் கேக்கல."

சொன்னேன். டீ கொடுத்தான். கழுநீரேதான். ரெண்டு கிளாஸ்.

ஆவணி 9, திங்கள்

குட்டி ஆட்டுக்குக் கழிச்சல். மருந்து வாங்கணும். மழை இல்லை.

மு. போன். "புள்ளியே காட்ட மாட்டேங்குது. வீட்லதான இருக்கீக?"

"ஆமா."

"அதாம்ப்பா. நல்லது. அப்பிடியே இருங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். ஊரைக் கேலி பண்ண ஆயிரம் பொய் சொல்வேன். கூடப்பிறந்தவளைப் பார்க்க ஏன் சொல்லணும்? புள்ளியை மறைத்தாலும் நான் அதே திருடன்தான்.

ஆவணி 10, செவ்வாய், நரிக்குடி

காலையில் டீக்கடை முன்னால் நின்று, நாலு பேருக்குக் கேட்கும்படி, "நரிக்குடிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டே பஸ் ஏறினேன். பையில் ரெண்டு வேட்டி, இந்த நோட்டு.

அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தேன். செல்வி காட்டிய இடத்தில் நானே திறந்துவிட்டேன். இருக்கும் இடம்: எப்போதும்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"அப்பா, எம்பேரு இல்லாத வீட்ல நீங்க..."

"ஒம்பேரு இல்லேன்னா நீ வராத. பத்திரிகையில எம்பேரு மொத வரியில கொட்டை எழுத்துல கெடந்துச்சு. பத்து நாளு இங்கதான் இருப்பேன். புள்ளிய நல்லா உத்துப் பாரு."

வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். இல்லை.

அக்கா, "யாருலே, முருகேசனா?" என்றாள். அது அவனுக்கும் கேட்டிருக்கும்.

"அத்த... எந்திரிச்சு உக்காருதாப்பா?"

"அதச் சொல்றதுக்கு நான் என்ன ஒன் ஆப்பா? வந்து பாருடா."

வைத்துவிட்டேன். அக்கா மகன் இலை போடுகிறான்.