வேலை செய்யாத பெட்டி

மரியே வாழ்க

விழுப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

சகாய பிரியாவின் அப்பாவுக்கு,

நான் நலம். திண்டிவனத்தில் மகள் கையால் மூன்று வேளையும் சாப்பிடுகிற உங்களுக்கும் ஒரு குறையும் இருக்காது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. பிரியா எடுத்துக் கொடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மருமகன் ஸ்டீபன்ராஜ், பேரப்பிள்ளைகள், இட்லி மாவு இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் உட்கார்ந்து நம் சண்டையைக் கேட்கிறார்கள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசக்கூடாது. அது கடிதத்தில்தான் நடக்கும்.

கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆப்பரேஷன் செய்த வலது கண்ணுக்குச் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. செய்யாத இடது கண்ணுக்கு அதே சுவர் டீத்தண்ணீர் நிறம். இத்தனை நாளும் உங்கள் வேட்டிக்கு நீலம் போட்டுப் போட்டு அலசினேன். அழுக்கு வேட்டியில் இல்லை, என் கண்ணில் இருந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது, கூடத்தில் இருந்த என் ஆள் உயர வீடியோ கேம் பெட்டிகளில் ஒன்றைப் பழைய இரும்புக்கடைக் கண்ணையன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். கேட்டால், "நாலுல மூணு ஓடுது, அதத் தொட்டனா? ஓடாததத்தான குடுத்தேன். கண்ணு தெரியாம வந்து இடிச்சிக்குவியேன்னு எடம் பண்ணேன்" என்றீர்கள். தெருவில் எல்லாரும் உங்கள் பக்கம். நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதைக் கொடுத்தார், இதில் என்ன தப்பு என்கிறார்கள்.

உங்களுக்கும் தெருவுக்கும் ஒன்று சொல்கிறேன். ஓடுகிற மூன்று பெட்டியில் எனக்கு இனி என்ன வேலை? அவை முடிந்துபோனவை. வருகிறவர்கள் விளையாடட்டும். ஓடாத அந்த ஒன்றுக்காகத்தான் நான் காலையில் எழுந்து பல் தேய்த்தேன். பிளைவுட்டை மாற்றினேன், ஒயர் ஒயராகப் பிரித்துக் கட்டினேன். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் சாலிடர் வைப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். அவன் பேசுவது புரியாது, கை செய்வது புரியும். தையல்காரிக்கு அது போதும்.

அந்தப் பெட்டி எது என்றும் உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் தையல் கடை வைத்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் வீடியோ கேம் கடை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எவன் ஜெயிக்கிறான், எவன் சாகிறான் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். படத்தை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று உங்களைக் கேட்டேன். "பொம்பளைங்க போற எடமா அது? பீடிப் புகையும் காலிப் பசங்களும்" என்றீர்கள். நான் போகவில்லை. பிறகு கடையையே மூடிவிட்டார்கள். அந்தக் கடையின் பெட்டி, பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் கடைப் பெயரோடு, வளவனூரில் ஒரு கொல்லையில் கோழி அடைக்கும் கூண்டாக இருந்தது. கோழி எச்சத்தைச் சுரண்டி எடுத்தது நான். கண்ணையனுக்குக் கொடுத்தது நீங்கள்.

அன்று நான் உங்களைச் சொன்னதைப் பற்றியும் எழுதாமல் விடமாட்டேன். ஆட்டோவில் வந்து இறங்கினேன், கண்ணில் கட்டு, கண்ணையன் மிச்ச ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "வேலை செய்யாத சாமான் இன்னொண்ணு நாற்காலில உக்காந்துக்கினு பேப்பர் படிக்குது, அதையும் ஏத்திக்கினு போப்பா" என்றேன். அவன் சிரித்தான், ஆட்டோக்காரனும் சிரித்தான். நீங்கள் அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டீர்கள். அத்தனை வருஷம் கண்டக்டராக இருந்தவர், எத்தனை பேரின் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். பெண்டாட்டி சொன்ன ஒரு பேச்சுக்குத்தான் இறங்கிப் போகத் தோன்றியது.

சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. உங்கள் முழங்கால் மாத்திரை இங்கேயே அலமாரியில் கிடக்கிறது. ஸ்டீபன்ராஜை வேறு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்

*

விழுப்புரம்,
வெள்ளிக்கிழமை.

சகாய பிரியாவின் அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. வரும் என்று நானும் இருக்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள் என்று பிரியா சொன்னாள். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்துவிடுங்கள்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணையன் கடைக்கு நானே ஷேர் ஆட்டோவில் போனேன். பெட்டி இருந்தது. தகரக் குவியலுக்கும் உடைந்த சைக்கிள்களுக்கும் நடுவில் சாய்த்து வைத்திருந்தான். கிட்டே போய்ப் பார்த்தேன். பிக்சர் டியூபின் கழுத்தை உடைத்து, அதைச் சுற்றியிருந்த செப்புச் சுருளை உருவிவிட்டிருந்தான். கழுத்து உடைந்த டியூப் வெறும் கண்ணாடிச் சட்டிதான். இனி அதில் எந்தப் படமும் வராது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடை ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். கண்ணையனுக்குக் கோபம் வரவில்லை. "காப்பருக்குத்தாம்மா எங்க பொழப்பே, கண்ணாடிய நான் என்னா பண்றது" என்றான். கூடவே, "கண்டக்டரய்யா அன்னிக்கே போன் பண்ணாரு, பெட்டிய விக்காத, வச்சிருன்னாரு. ட்யூபு போச்சுங்கய்யான்னு சொன்னேன். போன வச்சிட்டாரு" என்றான்.

ஆக உங்களுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் கடிதத்தில் இருந்த கோபம் ஒரு பங்கு என்றால், இதற்கு இன்னொரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கண்ணையன் ஆட்களே இறக்கி, பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் இடிக்காமல் நடக்க நீங்கள் பண்ணிய இடம் போயிற்று. நான் சுற்றிக்கொண்டு நடக்கிறேன். இன்னும் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை.

ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, இருந்தாலும் யாராவது உங்களிடம் ஊதிச் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். புது டியூபுக்கு அளவு பார்க்க, ஓடுகிற பெட்டி ஒன்றின் பின்பக்கத்தைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கினாலும் டியூபுக்குள் கரண்ட் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? வழக்கம்போல இடது கையை முந்தானையில் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வலது கையை விட்டேன். ஆனால் இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொல்கிற காலத்தில் தூரம் சரியாகப் பிடிபடவில்லை. கை பட்டு ஷாக் அடித்துவிட்டது. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுத் தமிழ்மணி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு எப்போதும் எதையும் பெரிதாக்கிச் சொல்கிற பழக்கம்.

இடது கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள், வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். கூட ஒரு ஆள் இருக்க வேண்டுமாம். போன தடவை பிரியா இருந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் பரீட்சை, லீவு தரமாட்டார்கள் என்கிறாள். தமிழ்மணி தான் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம். நான் கேட்கவும் இல்லை.

மழை வரும்போல் இருக்கிறது. மாடியில் உங்கள் போர்வை காய்கிறது, எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்

*

மரியே வாழ்க

விழுப்புரம்,
வியாழக்கிழமை.

சகாய பிரியாவின் அப்பாவுக்கு,

நேற்று கோட்டக்குப்பம் போய் வந்தேன். என்னைப் போலவே இந்தப் பைத்தியம் பிடித்த முஜிபுர் ரஹ்மான், துபாயிலிருந்து நமக்கு கேம் போர்டு வாங்கி அனுப்புவாரே, அவரிடம் டியூப் போன கதையைச் சொல்லியிருந்தேன். "உம்மா வூட்டு மாடில பழைய டப்பா டிவி இருக்கு, எடுத்துக்கங்கம்மா, அந்த டியூபு ஒத்துப்போவும்" என்றார். அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று அப்படிக் கிடக்கும். யாராவது ஒருவர் வளைகுடாவிலிருந்து தோளில் சுமந்து வந்த டிவி, தூக்கிப் போட மனம் வராது.

அவருடைய அம்மா ஆயிஷா பீவி கதவைத் திறந்தார்கள். விழுப்புரத்தில் இருந்து வருகிறேன், கேம் பெட்டிக்காரி என்றேன். உடனே, "உங்க வூட்டுக்காரரு போன வாரமே வந்துட்டுப் போனாரேம்மா" என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. எந்த வீட்டுக்காரர் என்றே கேட்டுவிட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடக்கிறவர் என்றார்கள். தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் கேட்டீர்களாம்.

ஆயிஷா பீவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டப்பா டிவி இருந்தா குடுங்கம்மா, ஆனா வேலை செய்யாததா இருக்கணும்னாரு. எங்ககிட்ட இருக்கறது நல்லா ஓடுதுங்களேன்னேன். அப்ப வேணாம்மா, ஓடறதக் கொண்டுக்கினு போனா எங்க வூட்டம்மா வையும், அதுக்கு ஓடாததுதான் புடிக்கும்னு சொல்லிட்டு, தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சிட்டுப் போய்ட்டாரு."

அட மனுஷரே. ஓடாத பெட்டியைப் பழுது பார்க்க ஓடுகிற டிவியின் டியூப்தானே வேண்டும்? செத்த டியூபை வைத்து நான் என்ன செய்வேன்? இதைச் சொன்னதும் ஆயிஷா பீவி சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் தண்ணீர் வந்தது. ஆயிஷா பீவி இன்னொரு டீ கொண்டுவந்தார்கள்.

வந்ததும் பிரியாவுக்குப் போன் போட்டேன். அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே இரண்டு செத்த டிவி இருக்கிறதாம், பெருக்க முடியவில்லையாம். "அப்பாவும் உன்ன மாதிரியே ஆயிட்டாரும்மா, ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் பேஜார் படறேன்" என்றாள்.

ஆயிஷா பீவி வீட்டு டியூபை அதன் சுருளோடு கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். இன்று காலை சுவிட்சைப் போட்டேன். முதலில் சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த அதே சத்தம். பிறகு டியூப் சூடாகிப் படம் வந்தது. கறுப்பு வானம், அதில் பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னப் பூச்சிகள் வரிசையாக இறங்கி வருகின்றன. வலது கண்ணால் பார்த்தேன், இடது கண்ணால் பார்த்தேன். இவ்வளவுதானா என்று யாராவது கேட்டால், ஆமாம், இவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உலை கொதித்து வழிந்தது.

ஆனால் படம் கோணல். ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. பெட்டிக்குப் பின்னால் போய், டியூபின் கழுத்தில் இருக்கிற சுருளை மெல்லத் திருப்ப வேண்டும். பின்னால் நிற்கிறவளுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்று தெரியாது. கண்ணாடியை எதிரில் வைத்துப் பார்த்தேன், இடம் வலம் மாறிக் குழப்புகிறது. தமிழ்மணியை முன்னால் நிறுத்தினேன். எப்படித் திருப்பினாலும் "சூப்பரா கீதுக்கா" என்கிறாள். அவளுக்கு என் மனம் நோகக்கூடாது. உங்களுக்கு அந்தக் கவலை ஒரு நாளும் இருந்ததில்லை. மற்ற மூன்று பெட்டிக்கும் நீங்கள்தான் முன்னால் நின்றீர்கள். இரண்டு விசில் அடித்தால் நான் திருப்புவேன், ஒரு விசில் அடித்தால் நிறுத்துவேன். தெருவே பஸ் வந்துவிட்டது என்று எட்டிப் பார்க்கும். கோணல் என்றால் கோணல் என்றீர்கள். அந்த மூன்று படமும் இன்றுவரை நேராக நிற்கின்றன.

செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். அதற்குப் பிறகு குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் செய்தால்தான் உண்டு. பஸ்ஸில் வந்தால் காலை மடக்கி உட்கார வேண்டியிருக்கும், பாசஞ்சர் ரயிலில் காலை நீட்டிக்கொள்ளலாம். அந்த இரண்டு டிவியையும் நீங்கள் தூக்க வேண்டாம், ஸ்டீபன்ராஜ் வண்டியில் போட்டு அனுப்பட்டும். செத்ததா இல்லையா என்று நான் திறந்து பார்த்துச் சொல்கிறேன். உங்கள் பேச்சை நம்பமாட்டேன்.

வந்து ஒன்றும் பேச வேண்டாம். நானும் பேசமாட்டேன். முன்னால் நின்று விசில் அடித்தால் போதும்.

ஆரோக்கிய மாதா உங்கள் முழங்காலுக்குத் துணையிருக்கட்டும். செவ்வாய்க்கிழமை வரவேண்டாம் என்று தமிழ்மணியிடம் சொல்லிவிட்டேன். பின்னே யார் கூட இருப்பார்கள் என்று கேட்டாள். ஆள் இருக்கிறார் என்றேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
இன்னாசியம்மாள்